ஆகாயத்தில் எரியும் எண்ணெய்

1932-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ஆந் தேதி கராச்சியிலிருந்து ஒரு சிறு ஆகாய விமானம் தபால் மூட்டையுடன் கிளம்பிற்று. அதை ஓட்டியவர் ஜே. ஆர். டி. டாட்டா. வழியில் ஆமதாபாத்தில் இறங்கியபொழுது, அந்த விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் தகர டின்களில் மாட்டு வண்டியின்மீது வந்து சேர்ந்தது. பம்பாயிலிருந்து நெவில் வின்ஸென்ட் என்பவர் அத்தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். நம் தேசத்தின் ஆகாயப் போக்குவரத்துக்கு அன்று ஒரு மாட்டு வண்டிப் பாரம் எண்ணெய் போதுமானதாயிருந்தது.

2024-25-ஆம் வருஷத்தில் இந்தியாவில் விமானங்களுக்காக ஏறத்தாழ 90 லட்சம் டன் எண்ணெய் செலவாயிற்று. இது பெட்ரோல் அன்று. ஜெட் இயந்திரங்களுக்காகச் சுத்தம் செய்யப்பட்ட ஒருவித மண்ணெண்ணெய். நம் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வருகிறது. ஆகையால், ஆகாயத்தில் எரியும் எண்ணெயைப் பற்றிப் பேசுவது விமானக் கம்பெனிகளின் சொந்த விஷயத்தில் தலையிடுவது ஆகாது. அது தேசத்தின் செல்வத்தைப் பற்றிப் பேசுவதேயாகும்.

இந்த எண்ணெயின் தேவை ஏன் இவ்விதம் பெருகுகிறது? விமானம் இருக்கிறது, ஆகையால் எண்ணெய் வேண்டும் என்று பலர் சுலபமாக விடை சொல்லிவிடுகிறார்கள். புதிய இயந்திரங்கள் வந்துவிட்டால் தேவை தானே குறையும் என்கிறார்கள் சிலர். எண்ணெய் விலை ஏறினால் ஜனங்கள் பறப்பதைக் குறைத்துக்கொள்வார்கள் என்கிறார்கள் வேறு சிலர். இவ்விரண்டு நம்பிக்கைகளும் சரித்திரத்துக்கு ஒவ்வாதவை என்பதே நமது அபிப்பிராயம்.

மூன்று எண்களின் பெருக்கம்

விமான எண்ணெயின் கணக்கு மிகவும் எளியது. எத்தனை பிரயாணங்கள், ஒவ்வொரு பிரயாணமும் எவ்வளவு தூரம், ஒருவரை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு எண்ணெய் என்ற மூன்று எண்களைப் பெருக்கினால் மொத்தம் வந்துவிடும். இம்மூன்றில் கடைசி எண்தான் இயந்திர நிபுணர்களின் கையில் இருக்கிறது. முதல் இரண்டும் சமூகத்தின் கையிலும் சர்க்காரின் கையிலும் இருக்கின்றன.

சென்னையிலிருந்து டில்லிக்கு 180 பேரை ஏற்றிச் செல்லும் இக்காலத்து விமானம் ஒன்று உத்தேசமாக 5 முதல் 6 டன் எண்ணெயை எரிக்கிறது. ஆசனங்கள் எல்லாம் நிறைந்திருந்தால் ஆளுக்கு 30 கிலோ ஆகும். பாதி ஆசனங்கள் காலியாயிருந்தால் விமானம் எரிக்கும் எண்ணெய் சிறிதே குறையும்; ஆளுக்கு விழும் பங்கோ ஏறத்தாழ இரட்டிக்கும். கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு போகும் உயர் வகுப்புப் பிரயாணி, சாதாரண வகுப்பில் இருவரோ மூவரோ உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறார். அவர் பங்கு எண்ணெயும் அதற்கேற்பப் பெருகத்தானே செய்யும்?

தூரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. விமானம் தரையிலிருந்து எழும்பி மேலே ஏறும்போதுதான் மிகுதியாக எண்ணெய் குடிக்கிறது. ஆகவே, குறுகிய பிரயாணத்தில் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு அதிகம். மிக நீண்ட பிரயாணத்திலோ, வழியில் எரிக்கப்போகும் எண்ணெயைச் சுமப்பதற்கே எண்ணெய் எரிக்கவேண்டியிருக்கிறது. ஓர் ஊரில் எண்ணெய் மலிவாகவும் மற்றோர் ஊரில் கிராக்கியாகவும் இருந்தால், மலிவான ஊரிலேயே திரும்பி வருவதற்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டு கிளம்புகிற வழக்கமும் கம்பெனிகளிடம் உண்டு. பணம் மிச்சமாகிறது, எண்ணெய் வீணாகிறது. ராஜ்யத்துக்கு ராஜ்யம் விற்பனை வரி வேறுபடும் நம் நாட்டில் இதற்கு இடம் அதிகம்.

சிக்கனத்தை விழுங்கிய பெருக்கம்

இயந்திர நிபுணர்களை நாம் குறைகூறவில்லை. அவர்கள் செய்திருக்கும் வேலை பிரமிக்கத்தக்கது. 1960-ஆம் வருஷத்தோடு ஒப்பிட்டால், ஒருவரை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோவதற்கு 2018-இல் எட்டில் ஒரு பங்கு எண்ணெயே போதுமானதாயிற்று. இயந்திரத்தின் முகப்பில் பெரிய விசிறிகள் வந்தன; உடலில் இலேசான உலோகங்களும் கரிநாரும் வந்தன; காலியாகப் பறந்த ஆசனங்கள் நிரம்பின. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானங்களில் பாதி ஆசனங்கள் காலியாகவே பறந்தன. 2019-இல் உலக விமானங்களில் நூற்றுக்கு 82 ஆசனங்களுக்கு மேல் நிரம்பியிருந்தன.

இவ்வளவு சிக்கனத்துக்கும் பிறகு மொத்த எண்ணெய் குறைந்திருக்க வேண்டுமல்லவா? நடந்தது வேறு. 1960-இல் உலகத்தார் எல்லாரும் சேர்ந்து விமானத்தில் கடந்த தூரம் 10,900 கோடிக் கிலோமீட்டர். 2018-இல் அது 8,26,900 கோடிக் கிலோமீட்டர் ஆயிற்று. அதாவது 76 மடங்கு. சரக்கு விமானங்களையும் இராணுவ விமானங்களையும் சேர்த்து, ஆகாயத்தில் எண்ணெய் எரிந்து வெளிப்பட்ட கரியமில வாயு இதே காலத்தில் 6.8 மடங்கு ஆகி, வருஷத்துக்கு 100 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. நிபுணர்கள் ஒரு கையால் மிச்சம் பிடித்ததைப் பெருக்கம் பல கைகளால் அள்ளிக்கொண்டு போயிற்று.

இது விமானத்துக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் அன்று. 1865-ஆம் வருஷத்திலேயே ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் நிலக்கரியைப் பற்றி எழுதிய நூலில் இதைக் கண்டு சொன்னார். நீராவி இயந்திரம் கரியைச் சிக்கனமாக உபயோகிக்க ஆரம்பித்ததும் கரிச்செலவு குறையவில்லை. இயந்திரம் ஓட்டுவது மலிவானதால் எங்கு பார்த்தாலும் இயந்திரம் வந்து கரிச்செலவு பெருகிற்று என்பது அவர் வாதம். விமானத்திலும் அதுவே நடந்தது. சிக்கனம் கட்டணத்தைக் குறைத்தது. குறைந்த கட்டணம் கூட்டத்தைச் சேர்த்தது. கூட்டம் புதிய விமானங்களைக் கேட்டது.

கூட்டம் தானாகவே வந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1978-இல் அமெரிக்க சர்க்கார் கட்டணங்களின்மீதும் வழிகளின்மீதும் இருந்த கட்டுப்பாட்டை நீக்கிற்று. கம்பெனிகள் போட்டியில் இறங்கின. 1981-இல், அடிக்கடி பறப்பவருக்கு இனாமாக டிக்கட் கொடுக்கும் ஏற்பாட்டை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிற்று. அது உலகெங்கும் பரவிவிட்டது. மேலும் மேலும் பற என்று பிரயாணிக்குப் பரிசு கொடுத்துக்கொண்டே, எண்ணெயைக் குறைக்கப் பாடுபடுகிறோம் என்று கம்பெனிகள் சொல்வது விநோதமாக இல்லையா?

விலை ஏறினால் குறையுமா?

விலைக்கு ஒரு வேலையும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. விமானக் கம்பெனிகளின் செலவில் எண்ணெய்ச் செலவு பெரும் பங்கு. 1973-இல் எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆனபோதுதான் உலகம் சிக்கன இயந்திரங்களைத் தீவிரமாகத் தேடிற்று. ஒலியைவிட வேகமாகப் பறந்த கன்கார்டு விமானம் நூறு பேரைச் சுமக்க மணிக்கு 20 டன்னுக்கு மேல் எண்ணெய் குடித்தது. 1976-இல் பிரயாணிகளை ஏற்ற ஆரம்பித்த அது 2003-இல் ஓய்ந்ததற்கு அந்தத் தாகமும் ஒரு காரணம். விலை, விமானத்தின் ஜாதியை மாற்றுகிறது. ஆனால் பறக்கும் ஆசையை அது நெடுநாள் தடுத்து நிறுத்தியதில்லை.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2022-ஆம் வருஷம் உக்ரெய்ன் யுத்தத்தினால் விமான எண்ணெய் விலை டில்லியில் ஆயிரம் லிட்டருக்கு 1 லட்சத்து 41 ஆயிரம் ரூபாய் வரை ஏறிற்று. அதே வருஷத்தில் உள்நாட்டுப் பிரயாணங்கள் முந்திய வருஷத்து 8 கோடியே சில்லறையிலிருந்து 12 கோடிக்கு மேல் பெருகின. கொள்ளைநோயினால் வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் வெளியே கிளம்பிய காலம் அது என்பது வாஸ்தவமே. ஆயினும், அவசியம் என்று ஒருவர் கருதிவிட்ட பிரயாணத்தை விலை மட்டும் நிறுத்திவிடாது என்பது அதனால் தெரிகிறது.

எண்ணெய்ச் செலவை மெய்யாகக் குறைத்தது எது? 2020-ஆம் வருஷம் மார்ச் 25-ஆந் தேதி முதல் இரண்டு மாதகாலம் நம் நாட்டில் உள்நாட்டு விமானங்கள் ஓடவில்லை. 2019-20-இல் 80 லட்சம் டன்னாயிருந்த எண்ணெய்ச் செலவு 2020-21-இல் 37 லட்சம் டன்னாக விழுந்தது. உலகத்தில் 2019-இல் சுமார் 450 கோடியாயிருந்த பிரயாணங்கள் 2020-இல் 180 கோடியாகக் குறைந்தன. புதிய இயந்திரம் ஒன்றும் அந்த வருஷத்தில் வந்துவிடவில்லை. ஜனங்கள் பறக்கவில்லை, அவ்வளவுதான். அந்தத் துன்பம் மறுபடி வரவேண்டுமென்று யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் அது கற்பித்த பாடத்தை மறந்துவிடக் கூடாது. தேவையின் வேர் இயந்திரத்தில் இல்லை. பிரயாணங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

பறப்பவர் யார்?

பிரயாணங்களின் எண்ணிக்கை என்று சொன்னவுடன், ஜனத்தொகை பெருகுகிறது, ஏழைகளும் பறக்க வந்துவிட்டார்கள், அதனால்தான் எண்ணெய் போதவில்லை என்று சொல்லக் கிளம்பிவிடுவார்கள். இது பெரும் பொய். 2018-ஆம் வருஷத்தைப் பற்றி ஸ்டீபன் கோஸ்லிங், ஆண்ட்ரியாஸ் ஹும்பே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செய்த மதிப்பீடு 2020-இல் வெளிவந்தது. அவ்வருஷத்தில் உலக ஜனங்களில் விமானம் ஏறியவர்களே நூற்றுக்கு 11 பேர்தாம். அந்நிய நாட்டுக்குப் பறந்தவர்கள் அதிகமாய்ப் போனால் நூற்றுக்கு 4 பேர். பிரயாணி விமானங்கள் எரித்த எண்ணெயின் புகையில் பாதிக்கு, நூற்றில் ஒருவரே காரணம். உலகத்தாரில் பத்தில் ஒன்பது பேர் அந்த வருஷத்தில் ஒரு சொட்டு விமான எண்ணெயையும் எரிக்கவில்லை.

இந்தியாவில் 2024-இல் உள்நாட்டில் 16 கோடிக்கு மேற்பட்ட விமானப் பிரயாணங்கள் நடந்தன. இதைக் கேட்டு 16 கோடிப் பேர் பறந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வாரந்தோறும் டில்லிக்கும் பம்பாய்க்கும் போய்வரும் ஒருவர் இந்தக் கணக்கில் நூறு தடவைக்கு மேல் எண்ணப்படுகிறார். நம் ரயில்களில் நாளொன்றுக்கு ஏறுவோர் சுமார் 2 கோடி. ஆகாயத்தில் ஒரு வருஷம் முழுவதும் போகும் கூட்டத்தை ரயில் எட்டொன்பது நாட்களில் கொண்டுபோய்விடுகிறது.

ரப்பர்ச் செருப்பு அணிந்தவரும் விமானம் ஏறவேண்டும் என்ற முழக்கத்துடன் 2017-இல் மத்திய சர்க்காரின் உடான் திட்டத்தில் விமானங்கள் பறக்கத் தொடங்கின. நோக்கம் நல்லது. ஆனால் 2023-இல் வெளியான தணிக்கை அறிக்கை என்ன சொல்லிற்று? முதல் மூன்று சுற்றுகளில் கொடுக்கப்பட்ட 774 வழிகளில் 371 வழிகளில்தான் விமானம் ஓட ஆரம்பித்தது. மூன்று வருஷச் சலுகைக் காலம் முடிந்த பிறகும் நிலைத்தவை 54 வழிகளே. சிற்றூர்களின் வழிகள் இப்படி வாடிப்போக, பெரிய நகரங்களின் வழிகளிலோ கூட்டம் பெருகிக்கொண்டேயிருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், ஜூன் மாதத்தில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் கட்டளை கொடுத்தன. விமானம் ஒன்று இருபது வருஷத்துக்குக் குறையாமல் உழைக்கும். வாங்கிய விமானத்தைத் தரையில் நிறுத்தி வைக்க எந்தக் கம்பெனியும் சம்மதியாது. கட்டணத்தைக் குறைத்தாவது ஆட்களை ஏற்றும். ஆகையால், அன்று கையெழுத்தான கட்டளைகள் நாளைய எண்ணெய்த் தேவையை இன்றே நிச்சயித்துவிட்டன.

யார் கொடுக்கிறார் வரி?

இனி வரியின் கதையைக் கேளுங்கள். 1944-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், யுத்தம் முடிவதற்கு முன்னமே, 50-க்கு மேற்பட்ட தேசங்களின் பிரதிநிதிகள் சிக்காகோ நகரில் கூடி ஆகாயப் போக்குவரத்துக்கு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்கு வரும் விமானத்தின் தொட்டியிலுள்ள எண்ணெய்க்குச் சுங்கம் வாங்கக் கூடாது என்பது அதன் 24-ஆவது ஷரத்து. பின்னர் தேசங்கள் இருவர் இருவராகச் செய்துகொண்ட உடன்படிக்கைகள், புறப்படும் ஊரில் ஏற்றும் எண்ணெய்க்கும் அந்தச் சலுகையை நீட்டின. குழந்தைப் பருவத்திலிருந்த ஒரு தொழிலுக்குக் கொடுத்த ஊட்டம் அது. குழந்தை வளர்ந்து பெரியவனாகி எண்பது வருஷம் கடந்த பின்னும் ஊட்டம் நிற்கவில்லை. அந்நிய நாட்டுக்குப் பறப்பதற்கு ஏற்றும் எண்ணெய் பெரும்பாலும் வரியின்றியே எரிகிறது.

உள்நாட்டு விமானத்தின் எண்ணெய்க்கு மத்திய சர்க்காரின் வரியும் ராஜ்ய சர்க்காரின் வரியும் உண்டு. கிராமத்துப் பஸ்ஸில் போகும் விவசாயியின் டிக்கட்டில் டீஸல் வரி அடங்கியிருக்கிறது. விடுமுறையைக் கழிக்க ஐரோப்பாவுக்குப் பறக்கும் செல்வரின் எண்ணெய்க்கு மட்டும் விலக்கு. இது நியாயமா என்று நாம் கேட்கிறோம். இதையெல்லாம் மாற்றுவதற்கு உலக தேசங்கள் உடன்படவேண்டும் என்று சொல்லித் தட்டிக்கழிப்பது எளிது. எண்ணெயின்மீது கை வைக்க முடியாவிட்டால் டிக்கட்டின்மீது கை வைக்கலாம். 2025 செப்டம்பரில் உயர் வகுப்பு விமான டிக்கட்டின் வரியை நூற்றுக்கு 12-லிருந்து 18 ஆக நம் சர்க்கார் உயர்த்திற்று. சாதாரண வகுப்பு வரி 5-ஆகவே இருந்தது. அந்த வேறுபாடு சரியான திசையில் வைத்த ஓரடி. ஒரே வருஷத்தில் மூன்றாவது, நான்காவது, பத்தாவது பிரயாணம் செய்பவருக்குப் படிப்படியாக வரியை உயர்த்துவது அடுத்த அடியாக இருக்கவேண்டும்.

துபாயிலும் ஸௌதி அரேபியாவிலும் கட்டட வேலை செய்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை குழந்தை முகத்தைப் பார்க்க ஊருக்கு வரும் நம் தொழிலாளியை இந்த வரி தொடாது. தொடவும் கூடாது. அவர் பறப்பது ஆடம்பரம் அன்று, வயிற்றுப்பாடு. பிரயாணம் என்ற ஒரே சொல்லுக்குள் அவரையும், காலைக் காப்பி சென்னையிலும் மாலைக் காப்பி டில்லியிலும் அருந்துபவரையும் சேர்த்து எண்ணுவதுதான் இந்த விவாதத்திலுள்ள பெரிய குழப்பம்.

மாற்று எண்ணெய் என்ற மயக்கம்

பழைய சமையலெண்ணெய், விவசாயக் கழிவு, காட்டாமணக்கு விதை ஆகியவற்றிலிருந்து விமான எண்ணெய் வடிக்க முடியும். 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் டேராடூனிலிருந்து டில்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெய் கலந்து ஒரு விமானம் பறந்தும் காட்டிற்று. ஐரோப்பிய ஐக்கியம் 2025 முதல் நூற்றுக்கு 2 பங்கும், 2030-இல் 6 பங்கும் மாற்று எண்ணெய் கலக்கவேண்டுமென்று சட்டம் செய்திருக்கிறது. அந்நிய நாட்டுப் பிரயாணங்களில் 2027-இல் 1 பங்கு, 2028-இல் 2 பங்கு, 2030-இல் 5 பங்கு என்று நம் சர்க்காரும் குறி வைத்திருக்கிறது. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால் அளவைப் பாருங்கள். 2024-இல் உலகம் முழுவதும் தயாரான மாற்று எண்ணெய் சுமார் 10 லட்சம் டன். அது உலக விமான எண்ணெயில் ஆயிரத்துக்கு 3 பங்கு. பழைய சமையலெண்ணெய் எவ்வளவு கிடைக்கும்? அதற்கு எல்லையுண்டு. கரும்பையும் மக்காச்சோளத்தையும் எடுத்து எண்ணெயாக்கலாம் என்றாலோ, உண்ணும் வாய்க்கும் பறக்கும் இயந்திரத்துக்கும் நிலத்திலும் நீரிலும் போட்டி வந்துவிடும். அந்தப் போட்டியில் தோற்பவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

செய்யவேண்டியது

விமானமே வேண்டாம் என்று சொல்லும் பழமைவாதிகள் நாம் அல்லர். கடல் தாண்டிப் போவதற்கும், அந்தமானுக்கும் லடாக்குக்கும் போவதற்கும் விமானம் வேண்டும். நோயாளிக்கும் அவசரக் காரியக்காரருக்கும் அது வேண்டும். நமது கேள்வி ஒன்றே: ரயிலில் சுகமாகப் போகக்கூடிய தூரத்துக்கு, இறக்குமதி செய்த எண்ணெயை எரிக்கவேண்டுமா?

மாட்ரிட், பார்ஸிலோனா நகரங்களுக்கிடையே இருந்த விமான வழி ஐரோப்பாவில் நெருக்கம் மிகுந்தவற்றில் ஒன்று. 2008 பிப்ரவரியில் அங்கே அதிவேக ரயில் வந்தது. விமானப் பிரயாணிகளில் பெரும் பகுதியார் ரயிலுக்கு மாறினர். யாரும் தடுத்து நிறுத்தவில்லை. நல்ல ரயில் கிடைத்தது, ஏறினார்கள். பிரான்ஸில் 2023-இல், இரண்டரை மணி நேரத்தில் ரயிலில் போகக்கூடிய சில வழிகளில் விமானத்தையே சட்டத்தால் நிறுத்தினார்கள். அச்சட்டத்தால் நின்ற வழிகள் மூன்றே. இவ்விரண்டில் எது அதிகப் பலன் தந்தது என்பது வெளிப்படை.

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ரயில் பாதை சுமார் 360 கிலோமீட்டர். இந்த வழியில் விமானம் மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்கும் ஊர் நெருங்கிவிடுகிறது. நம் அகலப் பாதைகளில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் மின்சாரம் வந்துவிட்டது. அந்த மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு இன்னும் அதிகம் என்பதை மறைக்கவில்லை. ஆயினும் கரி நம் மண்ணில் கிடைப்பது. சூரிய வெளிச்சமோ நம் கூரைமீதே விழுவது. சென்னை-பெங்களூர், பம்பாய்-புனா போன்ற குறுகிய வழிகளில் விரைவான ரயில்களைப் போதிய அளவில், நேரந்தவறாமல் ஓட்டினாலே ஆகாயத்தில் எரியும் எண்ணெயில் ஒரு பகுதி மிஞ்சும். கப்பலில் எண்ணெய் வாங்கக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி நம் தேசத்திலேயே தங்கும்.

எண்ணெய்த் தேவை இயற்கையின் கட்டளை அன்று. சர்க்கார் விதிக்கும் வரியும் விதிக்காத வரியும், போடும் ரயில் பாதையும் போடாத ரயில் பாதையும், கம்பெனி கொடுக்கும் இனாமும், செல்வரின் வழக்கமும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. மனிதர் உண்டாக்கியதை மனிதர் திருத்தலாம். விமான நிலையங்களைத் திறந்துவைத்து மாலை போட்டுக்கொள்ளும் மந்திரிகளிடம், இந்த வழியில் யார் பறப்பார்கள், எவ்வளவு எண்ணெய் எரியும், இதே பணத்தில் எத்தனை ரயில் ஓட்டலாம் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பிக்க வேண்டும். கேட்கும் வரையில் கணக்கு வெளியே வராது. கணக்கு வெளியே வராத வரையில், பறக்காதவர்களின் பெயரைச் சொல்லிப் பறப்பவர்களுக்குச் சலுகை போய்க்கொண்டே இருக்கும்.